தாத்தாவுக்கு அதை யார் கொண்டுவந்தது?

(கடிதம் எழுதியவர் கேட்டுக்கொண்டபடி பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.)

மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் மருமகள் எழுதியது. வயது 38. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. வீட்டில் கணவர், மாமியார், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன். 2021 ஏப்ரல் 30 அன்று தங்கையின் வளைகாப்புக்காகப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டு இரவே திரும்பியிருக்கிறார். மே 10 முதல் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்ததும், அதற்கு முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். "ரெண்டு நாளும் மாமாதான் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்" என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. மே 12 இரவு அந்த மாமாவுக்கு, அதாவது மாமனாருக்கு, காய்ச்சல். வயது 69, பிரஷர் உண்டு, தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. "பித்தக் காய்ச்சல்தான், கஷாயம் போதும்" என்று ஐந்து நாள் ஓட்டியிருக்கிறார். முந்தைய வருஷம் எதிர் வீட்டு வாசலைத் தகரம் அடித்து அடைத்ததை அவர் பார்த்திருந்தார். மூச்சு வாங்கிய பிறகு ஆஸ்பத்திரி. வாசலில் ஆம்புலன்சிலேயே ஆறு மணி நேரம். மே 27 அன்று இறந்துவிட்டார். முகத்தைக்கூடத் திறந்து காட்டவில்லை.

அன்றிலிருந்து கணவர் சண்டை வரும்போதெல்லாம் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்: "வளைகாப்புக்குப் போய் நீதானே கொண்டுவந்தே." 2025 மே மாதம் மறுபடி கொரோனா என்று டி.வி.யில் ஓடத் தொடங்கியதும் பழைய பழக்கங்கள் திரும்பிவிட்டன. காய்கறியை டெட்டால் தண்ணீரில் ஊறவைக்கிறார். ரூபாய் நோட்டில் சானிடைசர் அடித்துக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்கிறார். இரவு கடை அடைத்ததும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, "பவர் பத்தாது" என்று கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டையும் கலந்து தரையைக் கழுவுகிறார். உறவுக்காரர்கள் யாரும் வீட்டுக்குள் வரக்கூடாது. மாமியாருக்குச் சுகர், டாக்டர் எழுதிக்கொடுத்த ஃப்ளூ ஊசியைப் போட மறுக்கிறார். மகனுக்கு ராத்திரியில் இருமல், வீசிங். போன வாரம் அந்தப் பையன் கேட்டானாம்: "அம்மா, தாத்தாவுக்கு நீதான் கொண்டுவந்தியா?" அன்று இரவுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததாகச் சொல்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மகனின் கேள்வியில்தான் உங்கள் கடிதம் தொடங்கி முடிகிறது. அதற்கு வருகிறேன். ஆனால் நீங்கள் ஆறாவது பக்கத்தில் ஓரமாக எழுதியிருக்கும் ஒன்று அவசரம் என்பதால் அதை முன்னால் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆசிட்டை இன்றே நிறுத்துங்கள்

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூச்சுக்குழாயை அரிக்கிற விஷ வாயு அது. மூடிய ஷட்டருக்குப் பின்னால், இரவில், கடையும் வீடும் ஒரே கூரையாக இருக்கும் இடத்தில் உங்கள் கணவர் இதைச் செய்கிறார். பையனின் இருமல் ராத்திரியில் மட்டும் வருகிறது என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லாத நாளில் இருமல் குறைகிறதா என்று கவனித்துப் பாருங்கள். நேரில் பார்க்காமல் காரணம் இதுதான் என்று நான் அறுதியிட மாட்டேன். ஆஸ்துமாவாகவும் இருக்கலாம், அப்படியிருந்தால் இந்த நெடி அதைக் கிளப்பிவிடும். எப்படியானாலும் குழந்தைகள் டாக்டரிடமோ நெஞ்சுநோய் டாக்டரிடமோ ஒருமுறை காட்டியாக வேண்டும். பேசும்போதே மூச்சு வாங்கினால், விலா உள்ளே இழுத்தால், காலைவரை காத்திருக்க வேண்டாம்.

தரைக்குச் சோப்புத் தண்ணீர் போதும். காய்கறிக்குக் குழாய்த் தண்ணீர் போதும். டெட்டால் வயிற்றுக்குள் போகிற பொருளல்ல. சானிடைசரில் இருப்பது ஆல்கஹால். காலையில் கடை திறந்ததும் கல்லாவுக்கு மேலே விளக்கும் கற்பூரமும் ஏற்றுகிற வழக்கம் உங்கள் கடையிலும் இருக்கும். சானிடைசர் அடித்த நோட்டும் ஈரக் கையுமாக அந்தத் தீக்குப் பக்கத்தில் போக வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். "டாக்டர் சொன்னார்" என்றே சொல்லுங்கள், தவறில்லை.

தேதிகளை வைத்துப் பார்த்தால்

இனி உங்கள் மனதை அரிக்கும் விஷயம். நீங்கள் எழுதியிருப்பது இது: "எனக்கும் 13-ஆம் தேதி தொண்டை வலி வந்தது, மாமாவுக்கு 12-ஆம் தேதி காய்ச்சல். அப்படியென்றால் என்னிடமிருந்துதானே போயிருக்கும்?"

அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த இரண்டாம் அலையில் சுற்றிய டெல்டா வகை, உடம்புக்குள் போனதிலிருந்து காய்ச்சலாக வெளிப்படப் பெரும்பாலும் நான்கைந்து நாள் எடுத்துக்கொண்டது. வளைகாப்பு நடந்தது மாமாவின் காய்ச்சலுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால். கடைக்கூட்டம் நடந்தது மூன்று நான்கு நாள் முன்னால். உங்களுக்கும் அவருக்கும் ஒருநாள் வித்தியாசத்தில் தொடங்கியிருக்கிறது என்றால், ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் இருவருக்கும் தொற்றியிருக்கலாம் என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது. அந்த இரண்டு நாளும் நீங்களும் பொட்டலம் மடித்துக்கொண்டு உள்ளேதானே இருந்திருப்பீர்கள்? தமிழ்நாட்டில் அந்த மாதம் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்கு மேல் தொற்று உறுதியானது. சோதனைக்கே போகாதவர்கள் எத்தனையோ. கல்லாவுக்கு முன்னால் வந்து "ரெண்டு கிலோ பருப்பு" என்று சத்தமாகக் கேட்டவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று இருந்தது என்பது அவர்களுக்கே தெரிந்திருக்காது. காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் மற்றவருக்குப் பரப்ப முடியும் என்பதுதான் இந்த நோயின் சூழ்ச்சி.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வளைகாப்பில் உங்களுக்குத் தொற்றி, அறிகுறி இல்லாமலே இருந்து, ஒரு வாரம் கழித்து மாமாவுக்குப் போயிருக்க வாய்ப்பே இல்லை என்றும் நான் எழுதித்தர மாட்டேன். அதுவும் நடக்கக்கூடியதுதான். தேதிகள் கடைப்பக்கம் சாய்கின்றன, அவ்வளவே. இனி எந்தப் பரிசோதனையாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள்: இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு போய்க் கணவர் முன்னால் வைக்காதீர்கள். படித்ததும் உங்களுக்கு முதலில் தோன்றப்போவது அதுதான். "பாத்தீங்களா, கடையைத் திறந்து வெச்சது நீங்கதானே" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், நான்கு வருஷமாக உங்கள் தலையில் இருக்கும் பாரம் அவர் தலைக்கு மாறும், வீடு அப்படியேதான் இருக்கும். கடையைத் திறந்ததும் குற்றமல்ல. அன்று ஊரே அரிசி பருப்புக்கு அலைந்தது. மளிகைக் கடை திறந்திருக்கலாம் என்று அரசாங்கமே அனுமதித்த நாட்கள் அவை. வளைகாப்புக்குப் போனதும் குற்றமல்ல.

நாம் படித்தது பாதிப் பாடம்

உங்கள் இரண்டாவது கேள்வி: "அவர் செய்வதெல்லாம் வீண் என்றால், அன்று அரசாங்கமும் டாக்டர்களும் ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

நியாயமான கேள்வி. 2020 ஏப்ரலில் நானே எங்கள் வீட்டில் பால் பாக்கெட்டைச் சோப்பு நுரையில் முக்கி எடுத்தவன். அப்போது நமக்குச் சொல்லப்பட்டது, இருமும்போது தெறிக்கும் எச்சில் துளி கைப்பிடியிலும் பையிலும் ஒட்டி, அங்கிருந்து கைக்கு வந்து, கையிலிருந்து மூக்குக்குப் போகிறது என்பது. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே இது காற்றில் பரவும் நோயல்ல என்று அடித்துச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்றையும் கவனியுங்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 2021 ஏப்ரல் கடைசியில்தான் அந்த நிறுவனம் தன் விளக்கத்தைத் தெளிவாகத் திருத்தியது. அதே மாதம் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், தொற்றுள்ள ஒரு பரப்பைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கணித்தது. அந்தச் செய்தி நம் தெருவுக்கு வந்து சேரவே இல்லை. சோப்பு விளம்பரம் வந்த வேகத்தில் அது வரவில்லை.

உங்கள் கடையில் வற்றல் மிளகாய் மூட்டையைப் பிரிக்கும்போது என்ன ஆகிறது? பிரிப்பவர் ஒருவர்தான். ஆனால் கல்லாவில் இருப்பவர் தும்முகிறார், உள்ளே அடுப்படியில் இருக்கும் அத்தை இருமுகிறார். யாரும் மூட்டையைத் தொடவில்லை. ஷட்டர் முழுக்கத் திறந்து விசிறி ஓடினால் சீக்கிரம் போய்விடுகிறது. மழைக்காகப் பாதி இறக்கி வைத்திருந்தால் அரைமணி நேரம் நிற்கிறது. கொரோனா பரவுவது பெரும்பாலும் இந்த மாதிரிதான். பேசும்போதும் பாடும்போதும் மூச்சு விடும்போதும் வரும் நுண்துளிகள் மூடிய அறைக் காற்றில் மிதந்து நிற்கின்றன.

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்கேஜிட் பகுதியில் ஒரு சேர்ந்திசைக் குழு இரண்டரை மணி நேரம் பாட்டுப் பயிற்சி செய்தது. 61 பேர். வாசலில் சானிடைசர் கொடுத்தார்கள், கட்டியணைப்பதைத் தவிர்த்தார்கள். ஆனாலும் 53 பேருக்கு நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். கை சுத்தமாகத்தான் இருந்தது. அறைக்காற்றுதான் மாறவில்லை.

உங்கள் வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். "பின்பக்க ஜன்னலை அரிசி மூட்டை மறைத்திருக்கிறது, அதைத் திறந்து வருஷமாச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். நோட்டைக் காயவைக்கிற மனிதர் அந்த ஜன்னலை விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2020 ஏப்ரலில் திருப்பூரில் சந்தை வாசலிலேயே கிருமிநாசினிச் சுரங்கம் அமைத்து, உள்ளே போகிறவர் மேலெல்லாம் மருந்து தெளித்தார்கள். மற்ற ஊர்களும் அதைப் பார்த்துச் செய்தன. மனிதர் மேல் தெளிக்காதீர்கள், கேடு என்று அந்த மாதமே மத்திய சுகாதார அமைச்சகம் சொல்ல வேண்டியதாயிற்று. தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர், வாசலெல்லாம் வேப்பிலை. கண்ணுக்குத் தெரியாத எதிரி வரும்போது கைக்கு ஏதாவது வேலை வேண்டும் நமக்கு. கழுவுவது செய்கிற மாதிரி இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைப்பது ஒன்றும் செய்யாத மாதிரி இருக்கிறது.

கை கழுவுவதை விட்டுவிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாவற்றுக்கும் கைதான் வாசல். சாப்பிடுமுன், கழிவறைக்குப் பின், சரக்கும் காசும் எடுத்த கையோடு உள்ளே வரும்போது சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

விவரம் தெரிந்தவரே ஏன் இப்படி?

"தினமும் இரண்டு பேப்பர் படிக்கிறவர். ஊருக்கே சொல்வார். ஆனால் இருமிக்கொண்டே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், மாஸ்க் தாடையில் தொங்குகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். சமூக மருத்துவத்தில் இது எங்கள் அன்றாடச் சோறு. என்ன தெரியும், என்ன நினைக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுவோம். 2020-ல் சீனாவில் நோய் உச்சத்தில் இருந்தபோது இணையத்தில் நடத்திய ஒரு கணக்கெடுப்பில் 6,910 பேர் பதில் சொன்னார்கள். 98 சதவீதம் பேர் வெளியே போகும்போது முகக்கவசம் போடுவதாகச் சொன்னார்கள். சொன்னார்கள், அதைக் கவனியுங்கள். நானும் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "முகக்கவசம் எப்போதெல்லாம் போடுவீர்கள்?" என்று கேட்டிருக்கிறேன். "எப்பவுமே போடுவேன் சார்" என்றார் ஒரு பெரியவர். அவருடைய முகக்கவசம் எதிரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் சிலந்தி வலை. பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சரியான பதில் அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

தெரிந்ததைச் செய்ய வைப்பது வேறு வேலை. வங்கதேசத்தில் 2020 நவம்பரிலிருந்து 2021 ஏப்ரல்வரை 600 கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் முகக்கவசத்தை இலவசமாக வீட்டுக்கே கொடுத்து, ஊர்ப் பெரியவர்களையும் இமாம்களையும் போட வைத்து, போடாமல் தெருவில் வருகிறவரை அங்கேயே நிறுத்தி அன்பாக நினைவூட்டினார்கள். சரியாகப் போடுகிறவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தார்கள். கூடவே கைப்பேசிக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். அதனால் கூடுதல் பலன் இல்லை. சர்ஜிக்கல் முகக்கவசம் கொடுத்த ஊர்களில் அறுபது வயது தாண்டியவர்களிடம், அறிகுறியோடு உறுதியான தொற்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. உங்கள் வீட்டுக்கு இதிலிருந்து நான் எடுத்துத் தருவது: கணவருக்கு இன்னொரு வாட்ஸ்அப் செய்தி வேண்டாம். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் முகக்கவசம் இருக்கட்டும். அவர் இருமினால் நீங்கள் எடுத்து நீட்டுங்கள், பேசாமல்.

மற்றபடி, அவர் செய்வதில் எனக்கு நோய் பயத்தைவிட வேறொன்று தெரிகிறது. கடிதத்தின் நடுவில் இருக்கிறது அந்த இடம்: ஏப்ரலில் மாமா ஊசி போடக் கிளம்பியபோது, "கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம்பா" என்று சொன்னது உங்கள் கணவர். அதை நீங்கள் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். அவர் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் மேல் எறியும் வார்த்தையை அவர் தன்மேல் எத்தனை தடவை எறிந்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்? முகம் பார்க்காமல் அனுப்பிய அப்பா. காரியத்துக்கு நாலே பேர். தூக்கம் கெடுகிறதா, நோட்டைத் துடைக்காமல் இருக்க முயன்றால் பதறுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அது சிகிச்சையால் சரியாகக்கூடிய மனப்பதற்றம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல டாக்டர் இருப்பார். நேரில் போகக் கூச்சப்பட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. "உங்களுக்குக் கிறுக்கு" என்ற தொனி வந்தால் அவர் வரவே மாட்டார். பையனின் இருமலுக்காக டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போவது நல்ல தொடக்கம்.

மருந்துச்சீட்டில் எழுத முடியாத ஒன்றையும் சொல்கிறேன். இந்த வருஷத் திதியைச் சொந்தபந்தங்களைக் கூப்பிட்டு முறையாகச் செய்யுங்கள். வீட்டுக்குள் யாரும் வரக்கூடாது என்றால் மொட்டை மாடியில் பந்தல் போடுங்கள். திறந்தவெளியில் பயமும் குறைவு, ஆபத்தும் குறைவு.

அத்தையும் ஊசியும்

அத்தை மறுப்பதற்குச் சொல்லும் காரணம் நடிகர் விவேக். உங்கள் மாமா தயங்கியதும் அதனால்தான் என்கிறீர்கள். அந்த வாரம் எங்கள் முகாமிலும் வரிசை பாதியாகிவிட்டது. நடந்தது இது: 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் அவர் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார், மற்றவர்களும் போட வேண்டும் என்பதற்காகவே செய்தியாளர்கள் முன்னால். மறுநாள் மயங்கி விழுந்தார், 17 அதிகாலை இறந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவமனை சொன்னது. அப்படி ஒரு அடைப்பு ஒரே நாளில் ஊசியால் கட்டுகிறதல்ல. தடுப்பூசிக்குப் பின்வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் விசாரித்து, மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்றே முடிவு சொன்னது. மரணம் வந்த வேகத்தில் அந்த முடிவு வரவில்லை. வந்தபோது யாரும் படிக்கவில்லை.

ஊசிக்குப் பக்கவிளைவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கோவிஷீல்டால் மிக அரிதாக ரத்தம் உறைந்து, தட்டணுக்கள் குறையும் பாதிப்பு வந்தது. அந்தத் தடுப்பூசியை உருவாக்கிய ஆஸ்ட்ராஜெனகா நிறுவனமே அதை இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. வந்தால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரும். "நாலு வருஷம் முன்னாடி போட்டது இப்ப ஹார்ட்டைத் தாக்குது" என்று உங்கள் குடும்பக் குழுவில் சுற்றும் செய்திக்கு ஆதாரமில்லை. 18 முதல் 45 வயதுவரையிலான திடீர் மரணங்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 மருத்துவமனைகள் வழியாக ஆராய்ந்தது. தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களிடம் ஆபத்து குறைவாகவே இருந்தது. கொரோனாவால் ஆஸ்பத்திரியில் கிடந்தது, குடும்பத்தில் திடீர் மரணம், இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் அளவுகடந்த குடி, கடும் உடலுழைப்பு, இவைதான் ஆபத்தோடு சேர்ந்து வந்தன.

"ரெண்டு டோஸ் போட்டும் எனக்கு 2022-ல் வந்ததே, பிறகு எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். தொற்றை அடியோடு தடுக்கும் என்று அந்த ஊசியிடம் எதிர்பார்த்தது நம் தவறு. சில சமயம் எங்கள் பேச்சும் அப்படி ஒலித்தது. அது முக்கியமாகத் தடுப்பது மூச்சுத்திணறலையும் மரணத்தையும். 2022-ல் நீங்கள் மூன்று நாள் சுவரோரம் படுத்து எழுந்தீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

அத்தைக்கு இப்போது டாக்டர் எழுதியது ஃப்ளூ ஊசி. அது வேறு நோய்க்கான ஊசி. சுகர் உள்ள முதியவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை போடச் சொல்வது வழக்கம். நிமோனியா ஊசி பற்றியும், கொரோனா பூஸ்டர் இப்போது தேவையா, கிடைக்கிறதா என்பது பற்றியும் அதே டாக்டரிடம் கேளுங்கள். அத்தையிடம் விவேக்கைப் பற்றி வாதாட வேண்டாம். டாக்டரிடம் கூட்டிப்போய், பயத்தை அவரே வாய்விட்டுச் சொல்ல விடுங்கள். கபசுரக் குடிநீர் குடித்தால் மனத்தெம்பு என்றால் அளவாகக் குடிக்கட்டும். ஊசிக்கும் சுகர் மாத்திரைக்கும் அது மாற்றில்லை.

வீட்டில் காய்ச்சல் வந்தால்

இப்போது சுற்றுவதெல்லாம் டெல்டாவுக்குப் பின் வந்த ஓமிக்ரான் வகையின் பிள்ளை பேரன்கள். பெரும்பாலானோருக்குச் சளிக்காய்ச்சல் மாதிரி வந்து போகிறது. உங்கள் வீட்டில் கவனம் அத்தை மேல்தான். யாருக்குக் காய்ச்சல், இருமல் வந்தாலும் அவர் அத்தை படுக்கும் அறையில் படுக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும். கவனித்துக்கொள்பவரும் நோயாளியும் முகக்கவசம் போடட்டும்; என்-95 கிடைத்தால் நல்லது. அத்தைக்கே காய்ச்சல் என்றால் முதல் நாளே டாக்டர், ஐந்தாம் நாள் அல்ல. பல்ஸ் ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி. சொல்ல வெட்கப்பட்டு மாமா மறைத்த அந்த ஐந்து நாள்தான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது. தகரம் அடித்து நோயைத் தடுத்தோமோ இல்லையோ, காய்ச்சலைச் சொல்லும் வாயை அடைத்துவிட்டோம்.

கடைக்குப் பின்சுவரில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன், ஷட்டர் முழுக்கத் திறப்பு. பிளீச்சிங் பவுடருக்கும் சானிடைசருக்கும் மாதம் ஆகிற செலவைக் கூட்டிப் பாருங்கள், ஃபேன் வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது.

பையனிடம்

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு உண்மை தாங்கும். "இல்லவே இல்லை, நான் இல்லை" என்று சொன்னால் அவன் நம்பமாட்டான், அழுதால் பயந்துவிடுவான். அவனைக் கடைக்குக் கூட்டிப்போய், மிளகாய் மூட்டை பிரிக்கும்போது பக்கத்தில் நிறுத்தி, நான் மேலே எழுதியதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். அந்த வாரம் ஊர் முழுக்க இந்த நெடி இருந்தது, நம் வீட்டுக்குள் எந்த வாசல் வழியாக வந்தது என்று எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது என்று சொல்லுங்கள். அப்பா ஏன் அப்படிச் சொல்கிறார் என்று அடுத்துக் கேட்பான். "அப்பாவுக்குத் தாத்தா ஞாபகம் வரும்போது அப்படி வந்துடுது" என்று சொன்னால் போதும். முடிந்தால் அந்த அரிசி மூட்டைகளை அவனும் அப்பாவும் சேர்ந்து நகர்த்தட்டும்.

ஆசிட்டை நிறுத்திய தேதியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். அன்றிலிருந்து இரண்டு வாரம் பையன் எத்தனை ராத்திரி இருமினான் என்று கோடு போட்டு, அந்தத் தாளை டாக்டரிடம் எடுத்துப்போங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.